மியூசியத்தில் மூன்று சுற்று

1

தீபத்தன்று காலை, நீங்களெல்லாம் சாயங்காலம் அண்ணாமலை உச்சியில் ஏற்றுவதைப் பார்க்க இடம் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், நான் சைகோன் நகரத்து வரலாற்று அருங்காட்சியகத்தின் அலுவலக அறையில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். என் செருப்பு ஏதோ ஓர் அறை வாசலில் கிடந்தது. எதிரில் மேசை. மேசைமேல் ஒரு வெள்ளைத் தாள். அதில் நான் செய்த குற்றத்தை என் மகள் எழுதிக்கொண்டிருந்தாள்.

குற்றம் இதுதான்: ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசான ஒரு கல்லில் விபூதி பூசிவிட்டேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது முடியவில்லை. அந்தத் தாள் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால்தான் மூச்சு விடமுடியும் போலிருக்கிறது.

யார் இவன் என்று கேட்பீர்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலை போடுகிற குடும்பம். பெயர் அருணாசலம். நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு அருணாசலம் இருப்பார்கள், அதில் ஒருத்தன். ராணிப்பேட்டைத் தோல் கம்பெனியில் தொழில் கற்றேன். பதனிட்ட தோலைக் கையால் தடவிப் பார்த்து, இது ஷூவுக்கு ஆகும், இது ஆகாது என்று பிரிக்கிற வேலை. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத கை. அந்தக் கைதான் என்னைச் சைகோனுக்கு வெளியே இருக்கும் ஷூ தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. பதினைந்து வருஷம் ஆகிறது. தையல் பிரிவில் இருந்த லான் என்ற பெண்ணைக் கட்டினேன். ஒரே மகள். பன்னிரண்டு வயது. உண்ணாமலை என்று பெயர் வைக்க ஆசைப்பட்டேன். பதிவு செய்கிற இடத்தில் அந்தப் பெயரை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்துவிட்டு, சின்னதாக ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். மை என்று ஆனது.

இப்போது லான் என் மனைவி இல்லை. தொழிற்சாலையும் என் பிரிவை மூடிவிட்டது. மை மட்டும் இருக்கிறாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

2

விவாகரத்து ஆகும்போது லான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஞாயிறு காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை பெண்ணை என்னோடு அனுப்புவாள். ஆனால் என் அறைக்குக் கூட்டிப்போகக் கூடாது. நாலு பேர் நடமாடும் இடமாக இருக்க வேண்டும். ஏதாவது ஏறுமாறாக நடந்தால் அன்றோடு சரி.

அவள்மேல் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஒரு நாள் சண்டையில், "இவளத் தூக்கிக்கினு எங்க ஊருக்கே பூடுவேன், நீ தேடிக்கினே இரு" என்று கத்திவிட்டேன். வியட்நாம் மொழியில் நான் பிழையில்லாமல் பேசிய வாக்கியம் இத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான் இருக்கும். கோபத்தில் வந்தது. மறுநாளே எனக்கு மறந்துவிட்டது. பெற்றவளுக்கு எப்படி மறக்கும்?

முதல் சில வாரங்கள் பெரிய பெரிய கடைத்தொகுதிகளுக்குப் போனோம். அவள் நடந்துகொண்டே கைபேசியில் தோழிகளோடு பேசுவாள். நான் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒரு ஞாயிறு திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கிடைத்த வாசல் ஓர் அருங்காட்சியகம். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய பானை இருந்தது. "இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். அவள் கைபேசியை இறக்கிவிட்டு எனக்குப் படித்துச் சொன்னாள்.

எனக்கு இந்த மொழி பேச வரும், படிக்க வராது. ஏ பி சி டி எழுத்துத்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தலையில் ஒரு கொக்கி, காலில் ஒரு புள்ளி. அச்சில் இருந்தால் தடவித் தடவி ஒரு வரி தேறும். கையெழுத்து என்றால் சுத்தம். இது மைக்குத் தெரியும். அன்றைக்கு அந்த மழையில், ஒரு பானையில் தொடங்கி அடுத்த பானை, அதற்கடுத்த ஈட்டிமுனை என்று அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாக, சின்னச் சின்ன வார்த்தையாக. அவ்வளவு நேரம் அவள் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மழை விடவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அதிலிருந்து எல்லா ஞாயிறும் அருங்காட்சியகம்தான். போர் அருங்காட்சியகத்துக்கு ஒரே தடவை போனோம். ஒரு சுவர் முழுக்க இருந்த படங்களைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டாளே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு அந்தச் சந்தோஷத்துக்காக என்னையே திட்டிக்கொண்டேன். நகர அருங்காட்சியகத்துக்கும் போனோம். அது ஒரு பழைய மாளிகை. கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்ள அதன் மாடிப்படியில் வரிசையில் நிற்பார்கள். "பா, நீயும் அம்மாவும் இங்கதான எடுத்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எந்தப் படி என்றாள். காட்டினேன். அந்தப் படியில் வேறொரு மாப்பிள்ளை கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டு நின்றான்.

அவள் என்னைக் கூப்பிடுவது 'பா'. இந்த ஊர்க்காரர்கள் அப்பாவைக் கூப்பிடும் சொல்தான் அது. தமிழில் கூப்பிடுகிறாள் என்று நான் என்னை ஏமாற்றிக்கொள்வேன். தமிழில் அவளுக்குத் தெரிந்தது நாலைந்து சொல். வா, போ, சாப்டியா, நல்லா, அக்கா. அவள் இங்கே பேசுவதையெல்லாம் என் வீட்டுத் தமிழில்தான் போடுகிறேன். வேறு தமிழ் எனக்கு வராது.

3

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த அறைக்குள் போனாலும் நடுவில் இருப்பதை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் சுற்றுவேன். நம்ம ஊரில் பிறந்தவனுக்கு இது ரத்தத்தில் ஊறியது. மலையை வலப்பக்கம் வைத்து நடந்து பழகிய கால், மார்க்கெட்டையும் அப்படித்தான் சுற்றும், பஸ் நிலையத்தையும் அப்படித்தான் சுற்றும். இங்கே இருக்கும் அருங்காட்சியகங்களிலோ பல அறைகளில் அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டும். நான் பாட்டுக்கு என் பக்கம் கிளம்புவேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேர் எதிரே வந்து முட்டுவார்கள். ஆசிரியை என்னைப் பார்க்கிற பார்வையில் மை தலையைக் குனிந்துகொள்வாள்.

"பா, அம்பு அந்தப் பக்கம் போட்டிருக்கு."

"போட்டா போட்டுக்கினு போவட்டும்."

இதனால் எனக்கு வியட்நாம் வரலாறு தலைகீழாகத்தான் தெரியும். முதலில் அரசர்கள் போய்ச்சேர்ந்தார்கள், பிறகு பட்டம் கட்டிக்கொண்டார்கள், கடைசியில் குகையில் கல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கு இதைச் சொன்னபோது ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். வாரம் முழுக்க அந்தச் சிரிப்பைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்கா பச்சையம்மாள் அடி அண்ணாமலையில் இருக்கிறாள். மலை சுற்றும் பாதையிலேயே சின்னக் கடை. பௌர்ணமிக்கு மோர், கூழ், தண்ணீர் பாட்டில் என்று கை ஒழியாது. தீபத்துக்கு நாலு நாள் முன்னால் போன் பண்ணினாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"கூட்டம் இப்பவே ஜாஸ்தி ஆயிடுச்சுடா. உனுக்கு துன்னூறு அனுப்சேனே, வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. சட்டப் பையிலயே வெச்சிருக்கேன்."

"கொயந்திக்கு வெச்சு வுடு. நம்ம புள்ளனு ஒரு அடையாளமாச்சும் இருக்கட்டும்."

அடையாளம் என்றுதான் சொன்னாள். அந்தச் சொல் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

4

அந்த ஞாயிறு தீபம் என்று மையிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் விளக்க வேண்டும். விளக்க என்னிடம் வார்த்தை கிடையாது. வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஏற்கெனவே இரண்டு தடவை போயிருந்தோம். ஆனால் உள்ளே ஒரு சின்னப் பக்கத்து அறை அதுவரை பூட்டியே இருந்தது. அன்றைக்குத் திறந்திருந்தது. நுழைந்ததும் எதிரே சிவலிங்கம்.

இந்த நாட்டின் நடுப்பகுதியில் சாம் என்கிற மக்கள் முன்பு ஆண்டார்களாம். அவர்கள் கும்பிட்டது. செந்நிறக் கல், சதுரமான ஆவுடையார். அதன்மேல் நிற்கும் பாணம் மட்டும் ஒரு பக்கம் உடைந்திருந்தது. மேலே பல்பு வெளிச்சம். மாலை இல்லை, எண்ணெய் இல்லை, பூசாரி இல்லை. துடைத்து வைத்த மாதிரி சாமி நின்றது. சுற்றிலும் கயிறுகூடக் கட்டவில்லை.

பக்கத்தில் இருந்த விளக்க அட்டையை மை படித்தாள். மணற்கல், இன்ன நூற்றாண்டு, மதம் இந்தியாவிலிருந்து வந்தது. படித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பா, உங்க ஊர்ல இருக்கறது இதுதானா?"

பன்னிரண்டு வருஷத்தில் என் ஊரைப் பற்றி அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது. எவ்வளவோ சொல்ல வேண்டும். மலையே சாமி, அதை நாங்கள் சுற்றி வருவோம், இன்றைக்குச் சாயங்காலம் அதன் உச்சியில் நெருப்பு எரியும், உன் அத்தை அதன் அடியில் மோர் விற்றுக்கொண்டிருப்பாள். இதில் ஒரு வரிக்குக்கூட எனக்கு அவள் மொழியில் வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தால் "மலை, பெருசு, நெருப்பு" என்று குழந்தை மாதிரி வருகிறது. அதனால் செய்து காட்டினேன்.

அறை வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டேன். திரும்பி வந்து கை கூப்பினேன். வலமாக ஒரு சுற்று வந்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது சுற்று வந்தேன். சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மூன்றாவது சுற்றுக்கு நான் கிளம்பும்போது பின்னால் சத்தம் கேட்டது. அவளும் செருப்பைக் கழற்றிவிட்டாள். என் பின்னால், என் அடியில் அடி வைத்து, வந்தாள்.

அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம்தான் வந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததற்கு என்னிடம் கணக்கு கேட்காதீர்கள். நம்ம ஊரில் நாற்பது வயதுவரை தள்ளி நின்று, தலைகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்துக் கும்பிட்டவன் நான். கை எட்டும் தூரத்தில் சாமி நின்றது எனக்கு அந்த அறையில்தான். சட்டைப் பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தேன். மையின் நெற்றியில் ஒரு கீற்று. என் நெற்றியில் ஒன்று. மிச்சத்தை மூன்று விரலால் எடுத்துக் கல்லில் இழுத்துவிட்டேன்.

கல் குளிர்ச்சியாக, நல்ல தோல் மாதிரி வழவழப்பாக இருந்தது. காவலுக்கு இருந்த அம்மாள் அலறிய அலறலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

5

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் பொறுப்பில் இருந்த பொருள். ஆயிரம் வருஷம் பிழைத்துக் கிடந்ததை நான் வந்து பூசினால் யார்தான் சும்மா இருப்பார்கள். மன்னிப்புக் கேட்கிற அவசரத்தில் வேறு நான் அவரை அக்கா என்று கூப்பிட வேண்டியதற்குப் பாட்டி என்று கூப்பிட்டுத் தொலைத்தேன். இந்த ஊரிலும் நம்மைப் போலத்தான், ஆளைப் பார்த்து முறை சொல்லிப் பேச வேண்டும். அவருக்கு என் வயதுகூட இருக்காது. அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவே இல்லை. எல்லாம் மை வழியாகத்தான்.

மெல்லிய தூரிகையோடு ஒருவர் வந்து கல்லைத் துடைத்தார். கெடுதல் ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். ஆனால் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது என்றதும் பேனாவை மையிடம் கொடுத்தார்கள்.

அவள் பள்ளிக்கூடத்துப் பரீட்சை எழுதுவது போலக் குனிந்து எழுதினாள். நெற்றியில் நான் வைத்த விபூதி அப்படியே இருந்தது. நடுவில் காவல்காரம்மாள் அவளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் தலை நிமிராமல் பதில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பக்கம் எழுதி முடித்து, கீழே ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்க போடு பா" என்றாள். போட்டேன். அவள் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சிவப்பு சீல் குத்தினார்கள்.

வெளியே வந்ததும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவுக்குச் சொல்லாத" என்றாள். நானா சொல்வேன்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். கடை இரைச்சலை விட்டுத் தள்ளிப் போனாள் போல. அப்புறம், "கல்லத் தொட்டியாடா?" என்றாள். "தொட்டேன்க்கா." "எப்டி இருந்துச்சு?" என்று கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கடையைக் கோயில் பக்கத்திலேயே வைத்திருந்தும் சாமியைத் தொட்டுப் பார்க்காதவள் அவள்.

6

நான் இந்த நாட்டில் தங்குவது ஒரு பிளாஸ்டிக் அட்டையால். அந்த அட்டை லானுடைய புருஷன் என்பதற்காகக் கொடுத்தது. அது முடிகிற தேதி நெருங்கியபோது வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி சின்னப் பையன்தான். மரியாதையாகவே பேசினார். புருஷன் இல்லையென்றால் அந்த அட்டை இல்லை. ஒரு வியட்நாம் குழந்தைக்கு அப்பா என்று விண்ணப்பிக்கலாம். குழந்தை மைனர் என்பதால் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

லானைப் போய்ப் பார்த்தேன். அவள் கதவருகிலேயே நின்று கேட்டுக்கொண்டாள். "நீ இங்க சட்டப்படி இருந்தா, ஒரு நாள் அவளுக்கும் பாஸ்போர்ட் கேப்ப. அன்னிக்கு நீ சொன்னத நான் மறக்கல" என்றாள். நான் அழுதேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையெழுத்து மட்டும் போடவில்லை.

திரும்ப அதே கண்ணாடிக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்து அந்தப் பையனுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். "அம்மா கையெழுத்து இல்லாட்டி, நீங்க அந்தக் குழந்தையோட தொடர்புல இருக்கீங்கன்னு காட்டற மாதிரி ஏதாச்சும் சீல் வெச்ச தாள் இருந்தா கொண்டாங்க. மேல கேட்டுப் பாக்கறேன்" என்றார். பிறப்புச் சான்றிதழைக் காட்டினேன். அது அப்பா என்பதற்கு. அப்பாவாக இருக்கிறேன் என்பதற்கு வேறு தாள் வேண்டுமாம். கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். அரிவாள், பானை, பீரங்கி, பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். படம் யாரும் எடுக்கலாம் என்றார். நியாயம்தான்.

ஊரிலாவது ஒரு தாள் கிடைக்காதா என்று அக்காவை அலையவிட்டேன். குடும்ப அட்டையில் என் பெயரையே எப்போதோ எடுத்துவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போனாள். தாலுகா ஆபீசுக்குப் போனாள். கடைசியில் ஒரு திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் வரிசையில் நின்றாள். மத்தியானம் அங்கிருந்தே போன் பண்ணினாள்.

"அருணா, ஒரே ஒரு சர்ட்டிபிகேட்லதான் பேர் போட்டு, மகள்னு எழுதி, சீல் வெச்சுத் தருவாங்களாம்டா."

"எதுலக்கா? வாங்கிடேன்."

"வாரிசு சர்ட்டிபிகேட்டு."

"சரி, அதையே வாங்கிடு."

"அட லூசு. உசுரோட கீறவனுக்கு அத எப்டிம்மா தர்றதுனு ஆபீசரு கேக்கறாரு." சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, அந்த வரிசையில் நின்றபடியே ஓவென்று அழுதாள். "நீ செத்தாத்தான்டா அவ உம் பொண்ணுனு எழுதுவாங்களாம்."

யாரோ ஓர் அம்மாள் "அழாத தாயி, மனு குடுத்துட்டல்ல, ஆயிடும்" என்று தேற்றுவது போனில் கேட்டது. நான் கைபேசியைப் பிடித்தபடி சைகோனில் ஒரு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். இதோடு முடிந்தது என்று தோன்றியது. அடுத்த மாசம் ஒரு ஞாயிறு வரும். எட்டரை மணிக்கு அவள் ஓர் அருங்காட்சியக வாசலில் நிற்க மாட்டாள். நிற்க வேண்டிய தேவையே இருக்காது. ஒரு வருஷத்தில் பழகிப்போகும். இரண்டு வருஷத்தில் நான் போனில் பேசும் தப்பு வியட்நாம் மொழி அவளுக்குச் சலித்துப்போகும். சுற்றுலா விசாவில் வந்து பார்க்கலாமே என்பீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து நிற்கிறவனுக்குப் பெயர் விருந்தாளி. அப்பா இல்லை.

அப்போதுதான் பளிச்சென்று ஞாபகம் வந்தது. சீல் வைத்த தாள் ஒன்று இருக்கிறதே!

7

திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. செவ்வாய் கதவு திறக்கும்போதே போய் நின்றேன். அதே காவல்காரம்மாள். இந்தத் தடவை சரியாக அக்கா என்று கூப்பிட்டேன். என் வாக்குமூலத்தின் நகல் வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் தப்புக்கு நகல் கேட்டு வந்தவன் அந்தக் கட்டடத்தில் நான்தான் முதலாக இருக்கும். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்துபோய்த் தேடி எடுத்து, நகல் போட்டு, அதன்மேலும் சிவப்பு சீல் குத்திக் கொடுத்தார். காவல்காரம்மாள் வாசல் வரை வந்து, தாள் மடங்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தார்.

பட்டா வாங்கியவன் மாதிரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் என் மகளும் ஒரே அறையில் இருந்தோம் என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே அரசாங்கத் தாள் அது. அவள் கையால் எழுதியது. நான் விபூதி பூசியது குற்றமே ஆனாலும் சாமி எனக்கு அதற்கும் கூலி கொடுத்துவிட்டது என்று நினைத்தேன். மலை இருக்கும் திசை இங்கிருந்து எது என்று தெரியவில்லை. சும்மா மேற்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

அந்த அதிகாரி தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். இரண்டாவது பக்கத்தையும் படித்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

"இதுல உங்க பொண்ணு எங்க?"

"இதோ, எழுதினதே அவதான். பேரு பாருங்க."

"பேர் இருக்கு." விரலை ஒரு வரியில் வைத்து, எனக்குப் புரிவதற்காக மெதுவாகப் படித்தார். பார்வையாளர், இந்தியர், தனியாக வந்தவர். எழுதியவர், அங்கே இருந்த பள்ளி மாணவி. உறவு என்ற இடத்தில், உறவு இல்லை, மொழிபெயர்த்து உதவினேன்.

திரும்பப் படிக்கச் சொன்னேன். திரும்பப் படித்தார். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது.

"இதச் சேத்தா உங்களுக்குக் கெடுதல்தான்" என்று சொல்லி இரண்டு கையாலும் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இந்த ஊரில் மரியாதையாக எதையும் இரண்டு கையால்தான் கொடுப்பார்கள். நானும் இரண்டு கையால்தான் வாங்கிக்கொண்டேன்.

8

அடுத்த ஞாயிறு வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுதப் பிடிக்கவில்லை. அவளுக்கு என்னால் அவமானம், அதனால் என்னை அறுத்துவிட்டாள் என்று ஒரு நாள் நினைப்பேன். லான் சொல்லிக்கொடுத்திருப்பாள் என்று மறுநாள் நினைப்பேன். விபூதியைத் துடைத்த கைக்குட்டைதான் கண்ணில் நின்றது.

எட்டரைக்கு வந்தாள். அதே வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்றேன். வேண்டாம், திட்டுவாங்க என்றாள். திட்ட மாட்டாங்க, வா என்று கூட்டிப்போனேன். லிங்கம் இருந்த அறையில் இப்போது கயிறு கட்டியிருந்தார்கள். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். உறையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"ஏன் மை, தனியா வந்தவர்னு எழுதினே?"

அவள் தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்த ஆன்ட்டி கேட்டாங்க பா. இவரு உன் அப்பாவான்னு. ஆமான்னா வூட்டு நம்பர் எழுதணும், அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லுவோம்னாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா ஞாயித்துக்கெழம போயிடும்ல?" செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். "அதான் யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன். அவங்க என் நெத்தியப் பாத்தாங்க. நம்பல போல. ஆனா எழுதிக்கச் சொல்லிட்டாங்க."

நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பா, நா தப்பா எழுதிட்டேனா?"

அவளிடம் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்ற நீ எழுதியதுதான் ஞாயிற்றுக்கிழமையை முடித்துவிட்டது என்று பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எந்த மொழியில் சொல்வது? ஆயுசுக்கும் தூக்கிச் சுமப்பாளே. நல்லவேளை, அதைச் சொல்கிற அளவு வார்த்தை எனக்கு அவள் மொழியில் கிடையாது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"நல்லா" என்றேன் தமிழில். அது அவளுக்குத் தெரிந்த சொல். "நல்லா எழுதினே."

அவள் முகம் தெளிந்தது. தாளை என் கையிலிருந்து வாங்கி, மடங்காமல் உறைக்குள் போட்டு, என் பையில் வைத்தாள். எழுந்து, கயிற்றுக்கு வெளியே கொஞ்ச தூரம் நடந்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். வலமாகவே போனாள். நான் பெஞ்சிலிருந்து எழவில்லை. எழுந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று முகத்தைக் கீழே வைத்துக்கொண்டு, இல்லாத செருப்பு வாரைச் சரிசெய்வது போல் குனிந்திருந்தேன்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது வாசலுக்கு வந்தோம். லானுடைய ஸ்கூட்டர் எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது. மை தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, "அடுத்த ஞாயிறு எந்த மியூசியம் பா?" என்று கேட்டாள்.

"நீயே சொல்லு" என்றேன்.

யோசித்துவிட்டு நகர அருங்காட்சியகம் என்றாள். அந்தப் படியில் நாம் ரெண்டு பேரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், இந்தத் தடவை முகத்தைத் திருப்ப மாட்டேன் என்றாள். சரி என்றேன். எட்டரைக்கு வந்துடு என்றாள். வந்துடறேன் என்றேன்.

என் அட்டை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.